பெட்டிச் சாவியும் கடவுச்சொல்லும்

குடியானவர் குடும்பங்களில் பட்டா, கிரயப் பத்திரம், அடமானச் சீட்டு, பெண்டுகளின் நகை ஆகியவற்றை ஒரு மரப்பெட்டியில் வைத்து, அதன் சாவியைப் பெரியவர் தம் அரைஞாணிற் கோத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். மகன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் சாவியைக் கேட்டு வாங்கித்தான் பெட்டியைத் திறப்பான். திறக்கும்போது பெரியவரும் எதிரில் உட்கார்ந்திருப்பார். பெட்டி இன்றும் பல வீடுகளில் இருக்கின்றது. ஆனால் அதிலுள்ள பொருளிற் பெரும்பகுதிக்கு வேறொரு சாவி ஏற்பட்டுவிட்டது. பட்டாவும் சிட்டாவும் வருவாய் இலாகாவின் இணையதளத்திற் கிடைக்கின்றன. வில்லங்கத்தைப் பதிவு இலாகாவின் தளத்திற் பார்க்கலாம். 2019-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் 6000 ரூபாய், மூன்று தவணைகளாக நேரே பாங்கிக் கணக்கில் வந்து சேருகின்றது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பதிவுக்கும், ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லவேண்டியிருக்கின்றது. இப்புதிய சாவி யாரிடம் இருக்கின்றது என்று பெரியவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரிவதில்லை. இதைக் குறித்து என் அபிப்பிராயத்தை நிலச்சுவான்தார்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் தெரிவிக்க விரும்புகின்றேன்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இவ்விஷயம் மற்ற இடங்களைவிட அவசரமானது. 2021-ஆம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது மாடம்பாக்கம், பெருங்களத்தூர், சிட்லபாக்கம் முதலிய பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின. ஏரிப் பாய்ச்சல் நிலங்கள் மனைகளாகிவிட்டன. அகரம்தென், மதுரப்பாக்கம் பக்கங்களில் இன்னும் நெல் நடுகிறவர்களில் நான் காண்பவர்கள் அநேகமாக வயது சென்றவர்கள். பிள்ளைகள் மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலும் சிறுசேரிக் கம்பெனிகளிலும் வேலைக்குப் போகின்றனர். நிலமோ இங்கே சென்ட் கணக்கில் விலை பேசப்படுவது. ஆகையால் 2000 ரூபாய்த் தவணை ஒன்று தவறிப்போவதைவிட, அத்தவணைக்காகக் கொடுத்த கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் அந்நியர் வசம் தங்கிப்போவதே அதிக ஆபத்தானது.

ஓர் உதாரணம் சொல்கின்றேன். ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவருக்குத் தவணை நின்றுபோயிற்று. விசாரித்ததில், திட்டத்திற் பதிவாகியிருந்த கைபேசி எண், விண்ணப்பம் எழுதிக்கொடுத்த கடைக்காரருடையது. பாங்கியிற் கொடுத்திருந்த எண் இளைய மகனுடையது. அவன் அந்த எண்ணை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆதாரில் இருந்தது இறந்துபோன மனைவியாரின் எண். உபயோகிக்காமல் விட்ட எண்ணைக் கைபேசிக் கம்பெனியார் சில காலத்திற்குப்பின் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம் என்பதை அவர் வீட்டில் யாரும் அறியார். மூன்று இடங்களில் மூன்று எண்கள். ஒன்றுகூட அவர் கையில் இல்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ, அவர் பேத்தியின் பெயரும் பிறந்த வருஷமுமாகக் கடையின் நோட்டுப்புத்தகத்தில், வேறு பலருடைய கடவுச்சொற்களுக்கு நடுவே எழுதப்பட்டிருந்தது. அக்கடைக்காரர் திருடர் அல்லர். கூட்டத்தைச் சமாளிக்கச் சௌகரியமான வழியைக் கைக்கொண்டார், அவ்வளவே. ஆனால் அந்த நோட்டுப்புத்தகம் நாளை யார் கைக்குப் போகும் என்பதை அவராலும் சொல்லமுடியாது.

கடவுச்சொல் கைமாறுவதால் விளையும் கேட்டை நம் இலாகாவே ஒருமுறை கண்டது. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், இதே பி.எம். கிசான் திட்டத்தில் நம் மாநிலத்தில் 5.5 லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டதும், ஏறக்குறைய 110 கோடி ரூபாய் தவறாகப் போனதும் வெளிப்பட்டன. அப்போதைய வேளாண்மைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அவர்கள் அதனைப் பகிரங்கமாக அறிவித்தார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களோடு நம் செங்கல்பட்டு ஜில்லாவின் பெயரும் அதில் அடிபட்டது. விண்ணப்பங்களை ஏற்க உத்தியோகஸ்தர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த கடவுச்சொற்கள் ஒப்பந்த ஊழியர்களிடமும் கம்ப்யூட்டர் மையங்களிலும் புழங்கியதே அதற்கு வழிவிட்டது. ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டனர், உத்தியோகஸ்தர் சிலர் தற்காலிக நீக்கம் பெற்றனர், சி.பி.சி.ஐ.டி. போலீசார் கைது செய்தனர். படித்த உத்தியோகஸ்தரே வேலைப் பளுவால் கடவுச்சொல்லைப் பிறரிடம் விட்டபோது இத்தனை நேர்ந்ததென்றால், எழுத்து வாசனை குறைந்த ஒரு பெரியவர் கடைக்காரரிடம் அதை ஒப்படைப்பதற்காக அவரைக் கோபிப்பதில் நியாயமில்லை. வீட்டிலுள்ளோர் அவருக்கு வேறு வழி காட்டாததே குறை.

வழி கடினமானதன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மகனோ மகளோ பேரனோ பெரியவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவேண்டும். முதலிற் செய்யவேண்டியது கடவுச்சொல்லைப் பற்றியதே அன்று. பெரியவர் பெயரிலேயே வாங்கிய, அவர் கையிலேயே இருக்கும் ஒரு கைபேசி எண்ணை ஆதார், பாங்கி, பி.எம். கிசான் மூன்றிலும் ஒன்றுபோற் பதியவேண்டும். ஆதாரில் எண் மாறவேண்டுமானால் ஆதார் சேர்க்கை நிலையத்துக்கு அவரை நேரில் அழைத்துச்சென்று மாற்றிக்கொள்ளலாம். அழைத்துப் போகிறவன் தன் எண்ணைக் கொடுத்துவிடுவதே பெரும்பாலும் நடக்கின்றது. ‘நான்தானே எல்லாம் பார்க்கிறேன்’ என்பான். அவன் வெளியூர் போனாலோ, அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வந்தாலோ, பெரியவர் தம் பணத்துக்கே பிறரிடம் மனுப்போட நேரிடும்.

அடுத்தது குறித்துவைப்பது. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதவே கூடாது என்று சிலர் போதிக்கின்றனர். எழுபது வயதுக்காரருக்கு இது பொருந்தாத போதனை என்பது என் கருத்து. எழுதாவிட்டால் மறந்துபோகும், மறந்தால் கடைக்குத்தான் போவார். ஒரு சிறு நோட்டில் பெரிய எழுத்தில், எந்தத் தளம், எந்தப் பெயர், என்ன கடவுச்சொல் என்று எழுதி, அதே மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொள்ளட்டும். சைபர் திருடன் ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கின்றான். அவனால் பெட்டியைத் திறக்கமுடியாது. நோட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதுதான் கூடாது.

கடவுச்சொல் நீளமாயிருத்தல் நலம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் பெரியவருக்கும் நினைவிலிருக்கும், பிறரால் யூகிக்கவும் இயலாது. குலதெய்வத்தின் பெயர், பேத்தி பெயர், பிறந்த வருஷம் ஆகியவை ஊரே அறிந்தவை. மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றும்படி வற்புறுத்துவதில் பிரயோஜனமில்லை என்றும், நீளமே முக்கியம் என்றும் அமெரிக்க சர்க்காரின் தரநிர்ணய ஸ்தாபனம் 2017-ஆம் வருஷத்திலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. பிறர் அறிந்ததாகச் சந்தேகம் வந்தால் அன்றே மாற்றவேண்டும்.

ஆனால் எல்லா இரகசியமும் ஒரே தரத்தவை அல்ல. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நோட்டில் எழுதலாம். நம்பிக்கையான ஒருவர் அறிந்திருக்கவும் செய்யலாம். பாங்கி அட்டையின் பின் நம்பரும், யு.பி.ஐ. பின் நம்பரும், ஓ.டி.பி.யும் அவ்விதமல்ல. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் ஒருக்காலும் தேவையில்லை. பணம் வெளியே போவதற்கே அது வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பெரியவர் மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் கவலை தீரும். ‘கிசான் தவணை வந்திருக்கிறது, இந்தச் செயலியை இறக்கிக்கொள்’ என்று வாட்ஸப்பில் வரும் போலிச் செயலிகள், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைத் தாமே படித்துத் திருடர்க்கு அனுப்பவல்லவை. பின் நம்பரை நினைவில் வைக்க முடியாதவர் யு.பி.ஐ.யைத் தொடாமல் பாஸ்புத்தகத்தோடு பாங்கிக்கே போவதில் அவமானம் ஒன்றுமில்லை. 2017-ஆம் வருஷம் ஜூலையில் ரிசர்வ் பாங்கி பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே இரகசிய எண்ணைப் பிறர்க்குக் கொடுத்ததால் ஏற்பட்ட நஷ்டத்தை, பாங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரே ஏற்கவேண்டும். பணம் போனது தெரிந்த அந்நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்வது இதனால்தான் அவசியம். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றிருக்கலாகாது.

‘பெரியவருக்கு ஞாபகம் தப்புகிறது, கண் தெரியவில்லை, எல்லாவற்றையும் நானே வைத்துக்கொள்வதுதானே நலம்?’ என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களைக் கைரேகைக் கருவி ஏற்காமல் அலைக்கழிப்பதையும் பார்க்கின்றோம். 2023-ஆம் வருஷம் முதல் பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே சரிபார்க்க வழி செய்திருப்பது அவ்விரல்களுக்கு ஓர் ஆறுதல். உண்மையாகவே முடியாதவர்களுக்குச் சட்டம் ஒப்பும் வழிகள் உள்ளன. கணக்கைக் கூட்டுக் கணக்காக்கலாம். கணக்கை இயக்க ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுக்கலாம். 2025-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆந் தேதி முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை வாரிசு நியமனம் செய்யலாம். 2024-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட யு.பி.ஐ. சர்க்கிள் என்னும் ஏற்பாட்டில், பெரியவர் தம் பின் நம்பரைச் சொல்லாமலே, பேரன் தடவைக்கு 5000, மாதத்துக்கு 15000 ரூபாய்க்கு மேற்படாமல் உரம், விதை வாங்கிவர அனுமதிக்கலாம். இவற்றில் யார், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் எழுத்தில் நிற்கும். கடவுச்சொல்லைக் காதில் சொல்லிவிட்டால் ஒன்றும் நிற்காது. பெரியவர் காலமானபின் அதே பின் நம்பரால் பணம் எடுத்தவன் உடன்பிறந்தாருக்கும் பாங்கிக்கும் பதில் சொல்ல நேரிடும்.

உடன்பிறந்தார் என்றதில் பெண்மக்களையும் சேர்த்தே சொல்கின்றேன். நம் மாநிலத்தில் 1989-ஆம் வருஷச் சட்டத்திருத்தத்தால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பாத்தியம் ஏற்பட்டது. ஆயினும் அப்பாவின் கைபேசி மட்டும் எப்போதும் அண்ணன் வசமே இருக்கின்றது. நோட்டும் பெட்டியும் இருக்குமிடத்தைக் குறைந்தது இரண்டு மக்களாவது அறிந்திருப்பது, உதவி செய்கின்ற மகனுக்கே பாதுகாப்பு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. பரம்பரைக் கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்தபோதிலும், ‘எல்லாம் உங்களிடமே இருக்கட்டும், ஐயா’ என்று குடிகள் சொல்லும் பழக்கம் ஒழியவில்லை. அந்த மரியாதையை ஏற்று ஊராரின் கடவுச்சொற்களை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டாம். கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து ஏரிக்கரை மரத்தடியிலோ நூலகத்திலோ ஒருநாள் உட்கார்ந்து, வருகின்ற பெரியவர்களின் எண் எங்கெங்கே எப்படிப் பதிவாகியுள்ளது என்று பார்த்துச் சொன்னால், பாதிப் பேர் கடைக்குப் போகவேண்டிய அவசியமே ஏற்படாது. சம்பாப் பட்டத்துக்கு விதை வாங்க வரும்போது ஆதார் அட்டை, பாங்கிப் புத்தகம், கைபேசி மூன்றையும் எடுத்துக்கொண்டு, வீட்டுப் பிள்ளை ஒருவரையும் அழைத்துவாருங்கள். எண்களைச் சரிபார்த்துத் தருகின்றேன். கடவுச்சொல்லை மட்டும் என்னிடம் சொல்லவேண்டாம்.