'அப்பா' என்றால் கொரியாவிலும் அப்பாதான்... அப்போ கொரியர்கள் யார்?

கே-டிராமா பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு முதல் எபிசோடிலேயே ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். சப்டைட்டில் பார்க்காமலேயே 'அப்பா' புரிந்துவிடும். அம்மா அங்கே 'ஒம்மா'. 'நா' என்றால் நான். 'நீ' என்று காதில் விழுவதும் நீதான். 'கொரியர்கள் நம்ம ஆளுங்க' என்று ஒரு ரீல்ஸ் போட இது போதாதா? பத்து நிமிடத்தில் ஃபேமிலி குரூப்பில் வந்து நிற்கும்.

இந்த எண்ணம் சோஷியல் மீடியா காலத்தில் பிறந்ததல்ல. கொரியாவில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, பெயர்ச்சொல்லோடு உருபு ஒட்டிக்கொள்கிறது. ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜப்பானிய, மங்கோலிய, துருக்கிய மொழிகளும் இப்படித்தான் வாக்கியம் அமைக்கின்றன. இதை மட்டும் வைத்து உறவு சொன்னால் பாதி ஆசியாவும் சொந்தக்காரர்கள்தான்.

சரி, சொற்கள்? 'ம', 'ப' இரண்டும் உதடு சேர்ந்து பிரியும்போது வரும் ஒலிகள். குழந்தை வாயில் சீக்கிரம் வருபவை. அதனால்தான் தொடர்பே இல்லாத மொழிகளிலும் பெற்றோரைக் குறிக்கும் சொற்களில் இவை இருக்கின்றன. ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் அப்பா! 'நான்' இன்னும் சுவாரஸ்யம். கொரியர்கள் 'நானன்' என்று சொல்வது நம் 'நான்' போலவே கேட்கும். ஆனால் அதில் 'நா' மட்டும்தான் சொல், மிச்சம் உருபு. இந்தப் பக்கம், தமிழின் பழைய வடிவம் 'யான்'. சங்கப் பாடல்களில் அதுதான் வழக்கு. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் நெருங்க வேண்டும், இங்கே விலகுகின்றன.

அப்போ கொரிய மொழிக்கு யார்தான் சொந்தம்? ஜெஜு தீவில் பேசப்படுவதைத் தவிர, எல்லோரும் ஒப்புக்கொண்ட உறவு மொழி எதுவும் இல்லை. 2021-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வடகிழக்குச் சீனாவின் மேற்கு லியாவ் ஆற்றங்கரையில் தினை விதைத்த விவசாயிகளிடமிருந்தே கொரிய, ஜப்பானிய, மங்கோலிய, துருக்கிய மொழிகள் கிளைத்தன என்றது. பல மொழியியலாளர்கள் இதை ஏற்கவில்லை.

மரபணு வேறு கதை சொல்கிறது

மரபணு அளவில் கொரியர்களுக்கு மிக நெருக்கமானவர்கள் ஜப்பானியர்களும் வட சீனர்களும். ஆனால் சீனம் முற்றிலும் வேறு மொழிக் குடும்பம். கொரிய அகராதியில் சீனச் சொற்கள் ஏராளம் என்றாலும் அவை கடன் வாங்கியவை. ஜப்பானில் முதலில் இருந்தவர்கள் ஜோமோன் எனப்படும் வேட்டைச் சமூகத்தினர். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் கொரியத் தீபகற்பம் வழியாக நெல் விவசாயிகள் வந்து அவர்களோடு கலந்தார்கள். இன்றைய ஜப்பானியர்களிடம் ஜோமோன் பங்கு குறைவு, வந்தவர்களின் பங்கே அதிகம். இவ்வளவு நெருக்கம் இருந்தும் இரு மொழிகளின் அடிப்படைச் சொற்கள் பெரிதாக ஒத்துப்போவதில்லை. மொழியை ஒரு சமூகமே இரண்டு மூன்று தலைமுறையில் மாற்றிக்கொள்ளலாம். மரபணு பிள்ளை பெற்றால்தான் நகரும்.

இந்தியாவைத் தொடும் கதையும் ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சம்குக் யுசா' நூல், கி.பி. 48-இல் 'அயுதா' நாட்டு இளவரசி கடல் வழியாக வந்து கயா நாட்டு மன்னர் சுரோவை மணந்ததாகச் சொல்கிறது. அது எங்கள் ஊர்தான் என்று அயோத்தியில் 2001-இல் நினைவிடமே கட்டிவிட்டார்கள். தமிழகத்தின் ஆய் நாடுதான் என்போரும் உண்டு. நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் நூலுக்கும் 1,200 ஆண்டு இடைவெளி.

கயாவின் மையமான கிம்ஹே பகுதியில் 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் புதைக்கப்பட்ட எட்டுப் பேரின் மரபணு பற்றிய ஆய்வு 2022-இல் வெளியானது. தெரிந்தது வடகிழக்கு ஆசிய வேர். கூடவே ஜோமோன் கலப்பு. இதனால் இளவரசியே பொய் என்று ஆகிவிடாது. ஒருவரின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். பத்தாவது தலைமுறையில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் 'கொரியர்களே இந்திய வம்சம்' என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

இதெல்லாம் வெறும் ஆர்வமா?

கொரியர்களுக்கு இல்லை. 1910-இல் கொரியாவை இணைத்துக்கொண்ட ஜப்பான், 'நாம் இருவரும் ஒரே முன்னோரின் பிள்ளைகள்' என்ற வாதத்தைத்தான் அதற்கு நியாயமாக்கியது. பின்னர் கொரியர்களின் பெயர்களையே ஜப்பானியப் பெயர்களாக மாற்றவைத்தது. உறவு சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்து பட்டாவை மாற்றிய மாதிரி. 2001-இல் பேரரசர் அகிஹிதோ, தன் முன்னோரில் ஒருவரான கன்மு பேரரசரின் தாய் கொரியாவின் பேக்ஜே அரச வழியில் வந்தவர் என்று சொன்னபோது, கொரியாவில் அது தலைப்புச் செய்தி ஆனதற்கு இந்தப் பின்னணியும் காரணம்.

இதற்கு எதிர்வினையாகக் கொரியாவில் வலுத்தது 'ஒரே ரத்தம்' என்ற பெருமை. அங்கே வந்து மணமுடித்த வியட்நாம், பிலிப்பைன்ஸ் பெண்களின் பிள்ளைகளும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் 'கலப்பு ரத்தம்' என்ற பெயர். இந்தச் சொல்லாடலைக் குறித்து 2007-இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு கவலை தெரிவித்தது. அதே ஆண்டில் தென்கொரியா தன் தேசியக் கொடி உறுதிமொழியைத் திருத்தியது. 'மின்ஜொக்', அதாவது இனம், என்ற சொல் அதிலிருந்து போய்விட்டது.