பிழைத்தவரின் நாளைக்கும் ஆய்வு வேண்டும்

சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர் பிழைத்து, தையல் பிரித்து, மருந்துச் சீட்டுடன் வீடு திரும்பியதும் சிகிச்சை வெற்றி என்று கணக்கில் ஏறிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்பது நம்மிடம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அப்படிக் கணக்கெடுத்தால் என்ன தெரியவரும் என்பதற்கு 2016-இல் வெளியான ‘ரெஸ்க்யூ ஐசிபி’ ஆய்வு நல்ல சான்று. மண்டைக்குள் ஏறிய அழுத்தம் மருந்துக்கு அடங்காத 408 பேரை அது பின்தொடர்ந்தது. மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றும் அறுவைச் சிகிச்சைக் குழுவில் ஆறு மாதத்தில் இறந்தோர் 26.9%, மருந்துச் சிகிச்சைக் குழுவில் 48.9%. ஆனால், கண் திறந்தும் நினைவு திரும்பாமல் கிடந்தோர் முதல் குழுவில் 8.5%, மற்றதில் 2.1%. ஆஸ்பத்திரி வாசலோடு நின்றிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

நடமாடும் நிலைக்குத் தேறியவர்களின் பாடும் எளிதல்ல. கடைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். மிக்சி ஓடும் சத்தத்துக்கே எரிந்து விழுவார். “நல்லாத்தானே இருக்கார்” என்பார்கள் அக்கம்பக்கத்தார். “ஆளே மாறிட்டார்” என்பார் மனைவி. எக்ஸ்ரேயில் தெரியாத இந்த மாற்றம்தான் வேலையைப் பறிக்கிறது, குடும்பத்தைக் குலைக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளிலும் தலைக்காயத்துக்குத் தனி இடமில்லை.

அமெரிக்காவில் 1987 முதல் இயங்கும் ஆய்வு மையங்கள், தலைக்காயம் பட்டோரை ஓராண்டு, ஈராண்டு, ஐந்தாண்டு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று விசாரித்துப் பதிவு செய்கின்றன. நம்மாலும் முடியும். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 முதல் விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. யார், எங்கே அடிபட்டார் என்ற பதிவு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். நினைவு, தூக்கம், கோபம், வேலை பற்றி நான்கு கேள்விகளை அவர்கள் கையில் கொடுத்து, ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் கேட்கச் சொன்னால் போதும். எந்தப் பயிற்சி யாரை வேலைக்குத் திருப்பியது என்று மருத்துவக் கல்லூரிகள் ஆராய அடித்தளம் கிடைத்துவிடும்.

உயிரைக் காப்பதற்குச் செலவிடும் அரசு, அந்த உயிர் வாழ்வதற்கான வழியை ஆராயவும் நிதி ஒதுக்க வேண்டும்.