என் மகளுக்கு ஏன் இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை

அன்புள்ள சாந்தன்பாறைப் பெரியவர்களுக்கும், பூப்பாறை, சின்னக்கானல் தோட்ட லயங்களில் இருக்கும் என் சொந்தபந்தங்களுக்கும்,

2022 அக்டோபரில் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஆளாளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினீர்கள். இங்கே இங்கிலாந்தில், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து பஸ்ஸுக்கு நின்றபடி அதைப் பார்த்து அழுதேன். அந்த வாரமே சித்தப்பா போனில் கேட்டார்: "பிள்ளைக்கு மூணு வயசாச்சே, ஞானஸ்நானம் எப்ப?" ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு பெரியம்மா கேட்டார், சபை ஐயரின் மனைவி ஐயரம்மா கேட்டார். மகளுக்கு இப்போது ஆறு வயது. இனியும் சமாளிக்க எனக்கு மனமில்லை.

நான் சபையை விட்டுப் போய்விட்டேன் என்று ஒரு பேச்சு அங்கே ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பணி இல்லாத வாரங்களில் மகளைக் கூட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போகிறேன். கீர்த்தனை சொல்லிக்கொடுக்கிறேன். அவள் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுத மட்டும்தான் விடவில்லை.

காரணம் எங்கள் அம்மாச்சி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிறு காலையில் தலை சீவிச் சபைக்கு அனுப்புவது அம்மாச்சிதான். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் சபைக்கு வந்தவர். அம்மாச்சியோ கடைசிவரை மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தவர். ஏலச்செடி உச்சியில் காய்க்காது, தூரில் கிளம்பி மண்ணில் படர்கிற சரத்தில்தான் காய்க்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுத்தே அம்மாச்சியின் முதுகு நிமிராமல் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. சீவும்போது என் முடி அதில் சிக்கும். சீவி முடித்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காணிக்கை போட ஒரு ரூபாய் தருவார். "சாமிக்குப் போட மறந்துறாத" என்பார்.

ஒரு ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் பாடம்: ஞானஸ்நானம் பெறாதவர்கள் அக்கினிக் கடலுக்குப் போவார்கள். நான் எழுந்து, "எங்க அம்மாச்சியுமா டீச்சர்?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். "அப்ப அவங்க குடுத்த காசு?" என்று கேட்டேன்.

வகுப்பு முடியும்வரை முட்டி போட வைத்தார்கள். நான் போவதற்கு முன்பே வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. அம்மா அடித்தார். அம்மாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசாமல் எனக்குக் கட்டஞ்சாயா ஆற்றித் தந்தார். அடுத்த ஞாயிறும் அதே ஒரு ரூபாய் வந்தது.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. திடப்படுத்தலின்போது ஐயர் கேட்டதற்கெல்லாம் மனப்பாடமாகப் பதில் சொன்னேன். உள்ளே அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. நம்பிக்கை என்று நான் வாயால் சொன்னது அன்றைக்குப் பயம்தான். என் மகள் அப்படிச் சொல்லக் கூடாது.

நம் ஊரில் ஞானஸ்நானம் தண்ணீரோடு முடிவதும் இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவைத் திறந்தார்கள், நமக்குத் திறக்கவில்லை. சபையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று நம் லயத்துப் பிள்ளைகள் வளர்ந்தது அதனால்தான். அப்படி எழுதிவைத்த அப்பா அம்மாக்களை நான் குறை சொல்லமாட்டேன். அநியாயம் சட்டத்தில் இருக்கிறது. பக்கத்துத் தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-ல் வென்ற ஏ. ராஜாவின் வழக்கை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அவர் கிறிஸ்தவர் என்று சொல்லி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. எந்தத் தீர்ப்பு சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு மனிதர் எந்த மதம் என்று பார்க்கச் சபைப் பதிவேடுகளை நீதிமன்றத்தில் விரித்தார்களே, அதுதான் என்னை உறுத்தியது. அந்த ஏட்டில் பெரியவர்கள் எழுதும்போது எந்தக் குழந்தையையும் கேட்டு எழுதுவதில்லை.

2008-ல் கேரளத்தின் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் 'மதமில்லாத ஜீவன்' என்று ஒரு பாடம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளியில் சேர்க்கும்போது பையனுக்கு மதம் எழுத வேண்டாம், வளர்ந்து விரும்பினால் அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்று பெற்றோர் சொல்வார்கள். அவ்வளவுதான் பாடம். கிறிஸ்தவ சபைகளும் முஸ்லிம் அமைப்புகளும் கொதித்து எழுந்தன. அந்தப் புத்தகத்துக்கு எதிரான போராட்டத்தில் மலப்புறத்தில் ஜேம்ஸ் அகஸ்டின் என்ற தலைமையாசிரியர் தாக்கப்பட்டு இறந்தார். கடைசியில் பாடத்தைத் திருத்தினார்கள். செத்துப்போன அந்த ஆசிரியருக்காக யாராவது நின்று ஜெபம் பண்ணியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற புனித அகஸ்டினுக்கும் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. தாய் மோனிக்கா அத்தனை பக்தி உள்ளவர். அகஸ்டின் எங்கெங்கோ அலைந்து, முப்பது வயதைத் தாண்டி, 387-ஆம் ஆண்டு ஈஸ்டரில் மிலான் நகரத்தில் தானே வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மகனும் நின்றான். மோனிக்காவை விசுவாசம் இல்லாதவர் என்று நாம் யாரும் சொல்வதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைய எங்க அடக்கம் பண்ணுவாங்க?" அம்மாவுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாச்சி இறந்தபோது சபைக் கல்லறையில் இடம் இல்லை. தோட்டத்து இடுகாட்டில்தான் புதைத்தோம். இனி தாயும் மகளும் ஒரே மண்ணில் படுக்க முடியாது என்று அம்மா அன்றைக்கு அழுத அழுகையை நான் பார்த்தேன்.

வருகிற டிசம்பரில் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கேரல் பாட வருவாள், பாட்டெல்லாம் தெரியும். ஆராதனைக்கும் வருவாள். ஒருநாள் அவளே ஞானஸ்நானம் கேட்டால், நம் சபையிலேயே கொடுக்கச் சொல்லி ஐயரிடம் நானே வந்து நிற்பேன். அம்மாச்சியைப் புதைத்த இடத்துக்கும் அவளைக் கூட்டிப்போவேன். அங்கிருந்து லயத்துக்குத் திரும்பியதும், "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று உங்களில் யாரையாவது பிடித்துக் கேட்பாள், கேட்காமல் விடுகிற பிள்ளை இல்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். முட்டி போட மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் லயத்துப் பிள்ளை