மினுங்கும் முகம் குற்றமா?

மாணவிகளின் புத்தகப் பைகளில் இப்போது கொப்பிகளோடு பேஸ் வொஷ் ரியூப்பும் எண்ணெய் ஒற்றும் தாளும் இருக்கின்றன. இடைவேளைக்கு மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயடியில் கூட்டம்.

முகத்தில் எண்ணெய் வடிவது அழுக்கல்ல. பருவ வயதில் அன்ட்ரஜன் ஹோர்மோன்கள் கூடும்போது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் வேலை செய்கின்றன. நெற்றியிலும் மூக்கிலும் நாடியிலும் அவை நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் முதலில் மினுங்கும். சவர்க்காரம் மேலேயுள்ள எண்ணெயைக் கழுவுமே தவிர, சுரப்பியை நிறுத்தாது. ஓயாமல் தேய்த்தால் தோல் வரண்டு எரியும்; எண்ணெய் மறுபடியும் வரத்தான் செய்யும். காலையும் மாலையும் மென்மையான பேஸ் வொஷ் போதும். பருவும் இருந்தால் 2 வீதம் வரை சலிசிலிக் அமிலம் சேர்ந்தது உதவலாம்.

எனக்குப் பயமெல்லாம் வேறொன்றில். எண்ணெய்க்கென்று கடைக்குப் போகும் பிள்ளை, "வெள்ளையாகவும் ஆக்கும்" என்ற பேச்சில் மயங்கி, உள்ளடக்கம் எழுதாத கிறீம் டப்பாவோடு திரும்புகிறாள். இப்படியான சிலவற்றில் பாதரசமும் குளோபெட்டசோல் போன்ற கடும் ஸ்டீரொயிட்டும் இருக்கும். ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்து பருவைக் கூட்டும்; பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களைத் தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாதென மினமாட்டா உடன்படிக்கை சொல்கிறது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை.

உம்மாமாரே, கலியாண வீட்டுக்குப் புறப்படும்போது "முகம் எண்ணெய்ச் சட்டி மாதிரி" என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல்தான் பல நேரம் பிள்ளையை அந்தக் கடைக்கு அனுப்புகிறது. பரு மிஞ்சினால் அரசாங்கப் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அங்கே காசு கேட்பதில்லை.