புரியாவிட்டால் கேட்போம்

ஒருவர் பேச மற்றவர் கேட்டுவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது சரியன்று என்பதை 1977 மார்ச் 27ஆம் நாள் உலகுக்கு உணர்த்தியது. கானரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில், மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர்.

பனியோடு பேச்சுக் கோளாறும் சேர்ந்துகொண்டது. டச்சு விமானத்திலிருந்து வந்த செய்தியை, அது புறப்படத் தயாராக நிற்பதாகவே கட்டுப்பாட்டு அறையினர் கொண்டனர். விமானமோ ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்து, இருவர் ஒரே நேரத்தில் ரேடியோவில் பேசியதால் முக்கியச் செய்தி இரைச்சலில் மங்கிற்று. பாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் ஐயம் எழுப்பினார். அனுபவம் மிக்க தலைமை விமானி அதை ஏற்கவில்லை. பொறியாளரும் மேலே வற்புறுத்தவில்லை.

இருபொருள் தரும் சொல், ஒரே நேரத்தில் பேசுதல், பெரியவரிடம் மறுபடி கேட்கத் தயக்கம்: இம்மூன்றும் நம் வீட்டிலும் வகுப்பிலும் இல்லையா? "புரிந்ததா?" என்று ஆசிரியை கேட்டதும், புரியாதவர்களும் சேர்ந்தல்லவா "புரிந்தது" என்கிறோம்!

மூன்றில் கொடியது தயக்கமே என்பது எங்கள் கருத்து. முதலிரண்டையும் ஒரு கேள்வியால் சரிசெய்யலாம். அக்கேள்வியையே தயக்கம் தடுத்துவிடுகிறது. அவ்விபத்துக்குப் பின் விமானத்துறையினர் சொற்களை வரையறுத்தனர்; இளையவரும் ஐயத்தைத் துணிந்து கூறப் பயிற்சி அளித்தனர். பணிவு என்பது வாய்மூடி இருப்பதன்று. மாணவியராகிய நாம் கேட்கப் பழகுவோம். "எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லுமுன், அது எதிர்ப்பா, ஐயமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்குமாறு பெரியோரை வேண்டுகிறோம்.