ஓடின கார் நின்னுடுச்சா? சாவியைத் திருகும் முன் காதைக் கொடுங்க!

முகூர்த்த மாதம் வந்தால் இளம்பிள்ளைத் தெருக்களில் வெளியூர் கார்கள்தான். டிக்கி நிறைய புடவை மூட்டையோடு சேலம் திரும்பும் வழியில், கஞ்சமலைப் பக்கம் கார் திடீரென நின்றுவிட்டால்? பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது. பேட்டரியும் போய்விடும்.

ஓட்டத்தில் இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, குழந்தைகளைச் சாலைப் பக்கம் இறக்காமல் மறுபக்கம் இறக்குங்கள்.

இனி சத்தம். சாவி போட்டால் 'டிக் டிக்' மட்டும் வந்து விளக்குகள் மங்கினால் பேட்டரி. ஆனால் ஓடும்போதே தீர்ந்தது என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று சந்தேகப்படலாம். யாராவது ஜம்ப் ஸ்டார்ட் செய்து கொடுத்தாலும் சில கிலோமீட்டரில் மறுபடி நிற்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பெட்ரோல் கார் என்றால் ஏ.சி., பாட்டு எல்லாம் நிறுத்திவிட்டு சாவியை 'ஆன்' மட்டும் செய்யுங்கள். பின் சீட் பக்கம் இரண்டு நொடி 'உய்ங்' என்று கேட்டால் பம்ப் ஓடுகிறது. கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் மூன்றில் ஒன்று. அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதா? சூட்டில் மக்கர் செய்யும் கிராங்க் சென்சாராக இருக்கலாம். சேலத்து வெயிலுக்கு இதைக் கேட்கவே வேண்டாம்! டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் இன்னொரு சாவியை வைத்து முயலுங்கள்.

கடைசியாக எப்போது எண்ணெய் போட்டீர்கள் என்பதும் முக்கியம். 2025 ஜூனில் மத்தியப் பிரதேசம் ரத்லாமில், முதல்வர் மோகன் யாதவின் பயணத்துக்கான 19 வண்டிகள் ஒரே பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டு கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டேங்க்கைத் திறந்து பார்த்தால் டீசலோடு தண்ணீர்! தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும், பம்ப் முதலில் அதைத்தான் இழுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலும் தண்ணீர் அதிகம் சேர்ந்தால் பிரிந்து அடியில் இறங்கும். இந்தச் சந்தேகம் வந்தால் ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜெக்டர் வீணாகும், செலவு எகிறும். பங்க் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அது வேண்டும்.

மற்றபடி ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவே அரை நிமிடமாவது விடுங்கள்.

மெக்கானிக்குக்கு போன் போட்டு "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால், அவர் எதை எடுத்துக்கொண்டு வருவார்? "அண்ணா, செல்ஃப் எடுக்குதுங்க, பம்ப் சத்தம் மட்டும் வரலைங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஃபியூஸும் ரிலேவும் கையோடு வரும்.