இருட்டும் முன் இறங்க வேண்டும்

ஜனவரி பிறந்தால் ஊட்டியிலிருந்து ஒரு நண்பர் தவறாமல் போன் செய்வார். புல்வெளியெல்லாம் உறைபனி, விடியற்காலையில் நாலு பேராக அதை மிதித்துக்கொண்டு மலையேறினோம் என்று சொல்லி நம் வயிற்றெரிச்சலைக் கிளப்புவார். அந்தமானில் ஸ்வெட்டருக்கு வேலையில்லை. இங்கே குளிர்காலம் என்றால் மழை ஓய்ந்துவிட்டது, காட்டுப் பாதையில் அட்டை கடிக்காது என்று அர்த்தம். நாலு பேர் மலையேற அது போதாதா?

நாங்களும் நாலு பேர். தமிழன் நான், கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர், காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்களின் பேரன் ஒருவர். நாலாமவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் 'லோக்கல் பார்ன்'. அதாவது, நாடு கடத்தப்பட்டு வந்து இங்கேயே குடும்பம் கண்ட கைதிகளின் வம்சம். நாங்கள் பேசிக்கொள்வது போர்ட் பிளேர் ஹிந்தியில். வாத்தியார் எல்லோருக்கும் 'மாஸ்டர்ஜி'.

சாத்தத்தில் படகேறினோம். இந்தச் சின்னத் தீவை மர அறுவை ஆலைக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும். 1883-ல் தொடங்கியது, 1942-ல் குண்டுவீச்சுக்கு ஆளானது. ஆனால் சாத்தத்தின் கதை அதற்கும் பழையது. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து முதலில் காடு வெட்ட ஆரம்பித்தது இங்கேதான். குடிதண்ணீர் இல்லாமல் ராஸ் தீவுக்கு மாறினார்கள்.

படகு கொஞ்ச நேரத்தில் பாம்பூ ஃபிளாட்டில் விட்டுவிடும். அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் ஏற்றம். 400 மீட்டரைக்கூடத் தொடாத மலைதான். 2001-ல் வந்த பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் கலங்கரை விளக்கத்தோடு தெரிகிறதே, அதே மலை. குர்ஜனும் படாக்கும் வானத்தை மறைத்து நிற்கும் காட்டுக்குள், வியர்த்து வழியத்தான் ஏறினோம். உச்சியில் கடல்காற்று பட்டபோதுதான் குளிர்காலம் என்பதே நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் அந்தக் காற்றுக்காகவே இங்கே கோடை மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1862 முதல் 1864 வரை கைதிக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளராக இருந்த டைட்லரின் மனைவி ஹாரியட். அவர் பெயரே மலைக்கு நின்றது. 1891 போருக்குப் பிறகு மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கும் அவரோடு 22 பேரும் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 2021-ல் இது மவுண்ட் மணிப்பூர் ஆனது. 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. படகில் இன்னும் எல்லோரும் ஹாரியட் என்றுதான் சொல்கிறார்கள்.

உச்சியில் சோற்று மூட்டையைப் பிரித்ததும் பேச்சு மேயோ பிரபுவிடம் போயிற்று. இந்த மலையில் யார் உட்கார்ந்தாலும் போகும். 1872 பிப்ரவரி 8. வைஸ்ராய் மேயோ அன்று தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொழுது கொஞ்சம் மிச்சமிருக்கிறதே என்று பரிவாரத்தோடு இந்த மலைக்கு வந்தார். நோயாளிகளுக்கு ஆரோக்கிய நிலையம் கட்ட இடம் தேறுமா என்று பார்க்க எண்ணம். சூரியன் மறைவதைப் பார்த்தார். இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. இந்தத் தீவுகளில் அந்தி என்பது கண் இமைக்கும் நேரம்தான். அடிவாரத்தில் ஹோப்டவுன் படகுத்துறை. தீவட்டி வெளிச்சத்தில் படகேறப் போனவரை ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி கத்தியால் குத்தினார். பதவியிலிருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோதான். ஒரு மாதம் கழித்து, மார்ச் 11 அன்று, வைப்பர் தீவில் ஷேர் அலியைத் தூக்கிலிட்டார்கள்.

"மேயோ எங்கே நின்றார், எங்கே உட்கார்ந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பாதையை வெட்டியது யார் மாஸ்டர்ஜி?" என்றார் ராஞ்சி நண்பர். அவருடைய தாத்தாவும் காடு வெட்டியவர்தான்.

வாத்தியார் சிரித்தார். "எங்கள் ஆட்கள்தான். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா எந்த ஊர், என்ன குற்றம், எதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்ல வெட்கப்பட்டார்கள், கேட்க நாங்கள் பயந்தோம். கப்பலில் வந்தார், அவ்வளவுதான். வருவதற்கு சர்க்கார் செலவு. திரும்பிப் போகத்தான் டிக்கெட் இல்லை."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மன்னர் பெயர் பலகையில் ஏறியது நியாயம்தான். அவரும் கைதியாக வந்தவரே. ஆனால் கோடாலியோடு முதலில் ஏறியவனுக்கு எந்தப் பலகையிலும் இடமில்லை. பேரப் பிள்ளைகளுக்கே அவன் பெயர் தெரியாதபோது பலகையில் எப்படி எழுதுவது?

மணி மூன்றரை ஆனதுமே வாத்தியார் எழுந்துவிட்டார். டிசம்பர், ஜனவரியில் இங்கே ஐந்து மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்து சூரியாஸ்தமனம் பார்க்கலாமே" என்றார் வங்காள நண்பர்.

"லாட் சாகிபும் அப்படித்தான் நினைத்தார்" என்றார் வாத்தியார்.

சிரித்துக்கொண்டே இறங்கினோம். முழங்கால் வலியோடு, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார் அவர். பாதையில் கல் பதித்த ஓர் இடத்தில் மட்டும் நின்று, செருப்பால் மண்ணை விலக்கி, கல்லைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

படகு சாத்தத்தைத் தொட்டபோது விளக்கு போட்டுவிட்டார்கள்.